ஐப்பசி மழைக்கு முன்னே



போன வாரம் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், அடுப்புக்கு மேல் பரணில் இருந்த பிஸ்கட் டின்னை ஒரு அம்மாயி இறக்கி என் மடியில் வைத்தார். உள்ளே சங்கச் சந்தா ரசீதுகள், கணவரின் பிரஜாவுரிமைப் பத்திரம், அவர் கைப்பட எழுதிய காமன் கூத்துக் கொப்பி. ஓரமெல்லாம் புகையேறிப் பழுத்திருந்தது. ரதி புலம்பும் இடத்தில் கூரை ஒழுகி, மை கரைந்து கிடந்தது. "அந்த எடம் அவருக்குத்தான் மனப்பாடம் தம்பி" என்றார். அவர் போய் ஆறு வருசம்.

இப்படி ஒரு டின் எத்தனை லயத்தில் இருக்கிறது!

தோட்ட முதலாளி லிப்டன் உட்கார்ந்து மலை பார்த்த இடத்துக்குப் பெயர் இருக்கிறது. அந்த மலையில் கொழுந்தெடுத்தவளின் பெயர் டின்னுக்குள்தான் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29 காலையை மறந்தோமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு பிறப்பு, இறப்புப் பதிவுகளும் புதைந்தன. எத்தனை பேரைக் காணவில்லை என்று எண்ணிச் சொல்லவே திணறினோம். 1948இல் குடியுரிமை பறிபோய், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போடப்பட்ட சனம் நாம். காகிதம் இல்லாதவன் படும் பாடு நமக்குத் தெரியாததா?

காகிதத்தைக் காத்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். ஊர் கழித்துப்போட்ட நாடக நோட்டீசைக்கூட எடுத்து வைத்தார். அவர் சேர்த்தவைதான் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. இங்கே 2005இல் தொடங்கிய 'நூலகம்' மலையக ஏடுகளையும் ஸ்கேன் செய்து இணையத்தில் காக்கிறது. நம் கொப்பிகளுக்கும் அங்கே இடம் கேட்போம்.

அதற்கு லயம் லயமாகப் போய்க் கொப்பிகளைத் தேட வேண்டும். ஆனால் எதையும் வீட்டிலிருந்து தூக்கி வராதீர்கள். அனுமதி கேட்டுப் படமெடுங்கள், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. பசை தாளைத் தின்றுவிடும். தோட்டம், டிவிசன், ஆள் பெயர், வருசம் எல்லாவற்றையும் தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள். பாடத் தெரிந்தவர் பாடினால் போனில் பதியுங்கள். தப்படிக்கும் கையும் படத்தில் விழட்டும், அடியைப் பேனாவால் எழுத வராது.

ஐப்பசி மழை இறங்க இன்னும் சில வாரம்தான். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்டேசன் முன்னால் கூடுவோம். காமன் கூத்தில் மதன் வேசம் கட்டிய ஒரு பெரியவர் பதுளைப் பக்கம் இருக்கிறார் என்று அம்மாயி சொன்னார். கரைந்துபோன ரதி புலம்பல் அவருக்கு நினைவிருக்கலாம். முதலில் அவர் வீட்டுக்குப் போவோம்.