நகரசபைக் கணக்கு நகரசபைக்கே தெரியாதா?

இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளியின் கண்ணில் முதலில் படுவது காலிக் குடம். குழாயில் தண்ணீர் வந்து எத்தனை நாளாயிற்று என்று அவர் வீட்டுப் பெண்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்லுகிறார்கள். ஏன் வரவில்லை? அணையில் தண்ணீர் இல்லையா, மோட்டார் பழுதா, குழாய் உடைந்ததா, அல்லது நம் தெருவுக்கு வரவேண்டியது வேறு தெருவுக்குப் போய்விட்டதா? அவர் கவுன்சிலர் வீட்டுக்குப் போகிறார். கவுன்சிலர் கையை விரிக்கிறார்: "நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆபீசில் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்."

கவுன்சிலர் நம்மை ஏய்க்கிறார் என்றால் அதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது. அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அவர் சொல்லுவது உண்மையாகவே இருந்தால்? ஓட்டுப் போட்டு நாம் அனுப்பியவருக்கே நகரசபையின் நடவடிக்கை தெரியவில்லை என்றால், அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு? இதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறோம்.

நகரசபையை நடத்துவது யார்? 1992-ல் அரசியல் சட்டத்தில் செய்யப்பட்ட 74-வது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் அமுலுக்கு வந்தது. குடிதண்ணீர், சாலை, பொதுச் சுகாதாரம், குடிசைப் பகுதி மேம்பாடு என்று 18 விஷயங்களை அதன் அட்டவணை நகரசபைகளுக்குரியவை என்று கூறுகிறது. முடிவு செய்ய வேண்டியது ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை. நிறைவேற்ற வேண்டியவர் கமிஷனர். ஆனால் அந்தக் கமிஷனரை நியமிப்பதும் மாற்றுவதும் ராஜ்ய சர்க்கார். டெண்டர் அவர் ஆபீசில். காண்ட்ராக்ட் பத்திரம் அவர் பீரோவில். வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம் அவருடைய என்ஜினீயர் கையில். கவுன்சிலர் கையில் இருப்பது ஓட்டுப் போடும் விரல் ஒன்றுதான்.

பல நகரங்களில் கூட்டம் எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து, இருபது அல்ல, ஐம்பது அறுபது தீர்மானங்கள் கொண்ட கட்டு ஒன்று கூட்டத்துக்குச் சற்று முன்னால் கைக்கு வருகிறது. படிக்க நேரமில்லை. படித்தாலும், 'மதிப்பீடு கோப்பில் உள்ளது' என்று எழுதியிருக்கிறதே தவிர, அந்தக் கோப்பு கூட வருவதில்லை. கூட்டம் தொடங்கிய பிறகு 'மேசைப் பொருள்' என்று வேறு சில தாள்கள் வைக்கப்படுகின்றன. முக்கியமான காண்ட்ராக்ட் பலசமயம் அந்தத் தாள்களில்தான் ஒளிந்திருக்கும். எண்களை வாசிக்கிறார்கள்; "ஆல் பாஸ்" என்று குரல் எழுகிறது; கூட்டம் முடிந்தது. இன்னும் சில வேலைகள் ஏற்கெனவே நடந்து பணமும் கொடுத்தாயிற்று. அவற்றுக்குப் 'பின்னேற்பு' கேட்கிறார்கள். சாப்பிட்டு எழுந்தவனுக்கு இலை போடச் சம்மதமா என்று கேட்பது போல இருக்கிறது இது!

மொழியும் ஒரு பூட்டு. தமிழே ஆட்சிமொழி என்று 1956-லேயே சட்டம் செய்தாயிற்று. ஆனால் பெரிய காண்ட்ராக்டுகளும் என்ஜினீயர் மதிப்பீடுகளும் இன்னும் இங்கிலீஷில் வருகின்றன. பீடி சுற்றியும் நெசவு நெய்தும் பிழைத்த குடும்பத்திலிருந்து வந்த கவுன்சிலர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? 2016-ல் தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பெண் கவுன்சிலர் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் கணவரைப் பார்த்துப் பதில் சொல்லும் அதிகாரிகளுக்குக் குறைவில்லை. நாற்காலியில் பாதி கொடுத்துவிட்டுச் செய்தியைக் கொடுக்காமலிருப்பது, பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறாமலிருப்பதற்குச் சமம்.

கணக்கு மறைந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை நகரமே சாட்சி. 1688-ல் தோன்றிய பழமையான கார்ப்பரேஷன் அது. உள்ளூர் சுயாட்சி பற்றி 1882-ல் தீர்மானம் வெளியிட்ட வைசிராய் ரிப்பன் பெயரையே அதன் மாளிகை 1913 முதல் தாங்கி நிற்கிறது. அந்த மாளிகையில்தான் 'மஸ்டர் ரோல் ஊழல்' வெடித்தது. தினக்கூலிகளின் வருகைப் பட்டியலில் பொய்ப் பெயர்களை எழுதி, வேலை செய்யாதவர் பேரில் கூலி எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளியின் பெயரால் திருட்டு! 1973-ல் ராஜ்ய சர்க்கார் கார்ப்பரேஷன் சபையையே கலைத்தது.

திருடர்களைத் தண்டிக்க வேண்டியதுதான். அதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் மஸ்டர் ரோலை வார்டு தோறும் பகிரங்கமாக ஒட்டியிருந்தால், "இந்தப் பெயருடைய ஆள் எங்கள் தெருவில் இல்லையே" என்று முதல் வாரத்திலேயே ஜனங்கள் சொல்லியிருப்பார்கள். கணக்கைத் திறப்பதற்குப் பதிலாகச் சபையை மூடினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை! மீண்டும் தேர்தல் நடந்தது 1996-ல். 23 ஆண்டுகள் சென்னை மக்களுக்கு வார்டுக்கு ஒரு பிரதிநிதி இல்லை. தனி அதிகாரிகளின் ஆட்சி. தேர்தலையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்தது.

இது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு நகரசபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதிதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்ல, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தலே இல்லை. அந்த இடைக்காலத்தில், 2018-ல், ஆலை நகரமான கோயம்புத்தூரின் குடிதண்ணீர் விநியோகத்தை சூயஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியிடம் 26 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மதிப்பு சுமார் 40 கோடி யூரோ. நம் பணத்தில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். கையெழுத்திட்ட நாளில் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூடப் பதவியில் இல்லை. 26 ஆண்டு என்றால் ஐந்து நகரசபைகளின் ஆயுள். இனி வரும் ஐந்து சபைகளையும் கட்டுப்படுத்தும் பத்திரத்தை, எந்தச் சபையும் இல்லாத காலத்தில் எழுதினார்கள். 2022-ல் பதவிக்கு வந்தவர்கள் தாங்கள் போடாத கையெழுத்துக்கு ஜனங்களிடம் பதில் சொல்ல நேர்ந்தது.

கிராமத்து விவசாயத் தொழிலாளிகளும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத பட்டண விவகாரம் என்று தள்ளிவிடக் கூடாது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அதிகாரிகளிடம் போயிற்று. அதே சமயத்தில் நகரங்களை ஒட்டிய பல ஊராட்சிகளை நகராட்சிகளோடு சேர்க்கும் உத்தரவுகளும் வெளிவந்தன. 2005-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கே உரியதாக இருந்தது. ஊர் நகரத்தோடு சேர்ந்தால் வேலை போகும், வரி கூடும் என்று பெண்கள் மனுக்களோடு கலெக்டர் ஆபீஸ்களுக்கு நடந்தார்கள். ஊரின் பெயரையும் வேலையையும் மாற்றும் முடிவு ஊராருக்குத் தெரிய வருவது உத்தரவு அச்சான பிறகு என்றால், அது என்ன ஊராட்சி?

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலை தனியார் கம்பெனிக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் 13 நாள் உட்கார்ந்தார்கள். கம்பெனி கையில் விட்டால் சம்பளம் குறையும் என்பது அவர்கள் குறை. 13-ந் தேதி இரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. இம்மாதிரி ஒப்பந்தத்துக்குக் கை தூக்குமுன் ஒவ்வொரு கவுன்சிலரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என் வார்டில் தெருக்கூட்டும் பெண்ணுக்கு நாளை முதல் எத்தனை ரூபாய்?" அதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் கை தூக்குவது பாவம்.

அதிகாரிகள் தரப்பில் மூன்று சமாதானங்கள் சொல்லுகிறார்கள். கவுன்சிலர்களுக்குப் படிப்பில்லை, செய்தி காண்ட்ராக்டர் காதுக்குப் போய்விடும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை தாமதமாகும் என்கிறார்கள்.

படிப்பில்லை என்றால் புரியும்படி தமிழில் எழுதிக் கொடுங்கள். கூலிக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் கண்டுபிடிக்கும் ஜனங்களுக்கு ஜல்லிக் கணக்கு புரியாதா? காண்ட்ராக்டரைப் பற்றிச் சொல்லுவதில் உண்மை இருக்கிறது. கமிஷனுக்குக் கை நீட்டும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். அதை மறைக்க நாம் இந்தப் பத்திரிகையை நடத்தவில்லை. ஆனால் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியத்துக்குத்தான் விலை உண்டு. ஊருக்கெல்லாம் தெரிந்ததை யார் விலை கொடுத்து வாங்குவான்? தாமதம் என்கிறார்கள். கேள்வி கேட்காமல் போட்ட சாலை ஒரே மழையில் கரைந்து, மறுபடி டெண்டர் விடுவதைவிடவா தாமதம்?

உரிமை இல்லாமலும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து 1920-ம் ஆண்டு நகராட்சிச் சட்டமே, வேலையில் கண்ட குறையையும் விரயத்தையும் சுட்டிக்காட்டவும் கேள்வி கேட்கவும் அங்கத்தினருக்கு உரிமை கொடுத்தது. முன்னறிவித்துவிட்டு ஆபீஸ் நேரத்தில் ரிக்கார்டுகளைப் பார்க்கலாம், மறுத்தால் காரணத்தை எழுதித் தரவேண்டும் என்றும் சொல்லிற்று. சுதந்திர நாட்டில் 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரஜையும் பத்து ரூபாய் கட்டி மனுப்போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். கவுன்சிலர்களே அந்த மனுவைப் போட்டுக் காத்திருக்கும் நிலை கேவலமல்லவா? வீட்டுக்காரன் தன் பெட்டியைத் திறக்க வேலைக்காரனிடம் விண்ணப்பம் கொடுப்பதா?

நம்மவர்களையும் சேர்த்தே சொல்லுகிறோம். உழைப்பாளி மக்கள் அனுப்பிய கவுன்சிலர்களிலும் விளக்குக் கம்பம், சாக்கடை அடைப்பு இவற்றோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அவை வேண்டியவைதான். ஆனால் பட்ஜெட்டைப் படிக்காதவர் சாக்கடைக்குப் பணம் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க முடியாது. தணிக்கை அதிகாரிகள் ஆண்டுதோறும் எழுதும் தடைகளை எத்தனை கவுன்சிலர்கள் கேட்டு வாங்கிப் படித்தார்கள்? தொழிற்சங்கத்தில் போனஸ் பேச்சுவார்த்தைக்குக் கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டைக் கேட்கிறோம். அதே பிடிவாதம் நகரசபையில் ஏன் இல்லை?

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. ஒவ்வொரு தீர்மானமும் முழு இணைப்புகளுடன், தமிழில், கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக ஒவ்வொரு அங்கத்தினருக்கும் கொடுக்கப்பட வேண்டும். வெள்ளம், தொற்றுநோய் போன்ற ஆபத்துக் காலம் தவிர மேசைப் பொருள் கூடாது.

2. மாதந்தோறும் வரவு, செலவு, வரிப் பாக்கி ஆகியவற்றின் அறிக்கை வேண்டும். வார்டு வாரியாக எந்த வேலை, யார் காண்ட்ராக்டர், மதிப்பீடு எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்பதும் அதில் இருக்கவேண்டும். பெரிய பாக்கிதாரர்களின் பெயரும் இருக்கட்டும்.

3. காண்ட்ராக்டில் வேலை செய்யும் தொழிலாளர் பட்டியல், கூலி, பிராவிடண்டு பண்டு கட்டிய விவரம் அந்தந்த வார்டுக் கவுன்சிலருக்குத் தரப்பட்டு, வார்டு ஆபீசில் ஒட்டப்பட வேண்டும்.

4. எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் தண்ணீர் விடப்படுகிறது என்ற குறிப்பு வாரந்தோறும் வெளிவர வேண்டும்.

5. தணிக்கைத் தடைகளும் அதற்கு அதிகாரிகளின் பதிலும் சபையில் வைத்து விவாதிக்கப்பட வேண்டும்.

6. சபை இல்லாத காலத்தில் தனி அதிகாரி நீண்டகால ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடக் கூடாது. ஏற்கெனவே கையெழுத்தானவை முழுவதும் தமிழில் சபை முன் வைக்கப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மனம் மட்டுமே வேண்டும். அந்த மனம் தானாக வராது. ஜனங்கள் கேட்டால்தான் வரும். கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஊர்தோறும் கூட்டம் போட்டு, ஊரின் நிலைமையை அறிக்கையாக எழுதி, ஜனங்கள் கையில் கொடுத்தார்கள். பணமும் செய்தியும் சேர்ந்து போயிற்று. தமிழ்நாட்டிலும் 2022-ல் வார்டுக் கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்துவிட்டன. விதி காகிதத்தில் தூங்குவதும் தெருவில் நடப்பதும் நம்மைப் பொறுத்தது.

ஆலைத் தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! அடுத்த பகுதி சபைக்குத் தனியாகப் போகாதீர்கள். தெருவாகச் சேர்ந்து போங்கள். சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு தோழர்களைக் கவுன்சிலருக்குத் துணையாக அனுப்புங்கள். தீர்மானக் கட்டை அவரோடு உட்கார்ந்து படிக்கட்டும். கூட்டம் முடிந்த மறுநாள், "நேற்று என்ன நிறைவேற்றினீர்கள்?" என்று டீக்கடையில் வைத்துக் கேளுங்கள். "எனக்குத் தெரியாது" என்று கவுன்சிலர் சொன்னால் கோபித்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு நகரசபை ஆபீசுக்குப் போங்கள். கோப்பைக் கேளுங்கள். இல்லை என்றால் அந்த 'இல்லை'யை எழுத்தில் கேளுங்கள்.

வரி நம்முடையது, தண்ணீர் நம்முடையது, தெருவைக் கூட்டும் கையும் நம்முடையது. கணக்கு மட்டும் எப்படி வேறொருவருடையதாகும்?