மைக்கைத் திறக்காத பிள்ளை

இயங்கலை வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கு நாம் ஒரு முத்திரை வைத்திருக்கிறோம்: பார்த்துப் படிக்கிறவன், கேட்டுப் படிக்கிறவன், கலந்துரையாடல் அவனுக்கு ஒத்துவராது. ஆசிரியர் பயிலரங்குகளில் செல்வாக்கோடு உலவும் இந்த வகைப்பாட்டை 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் துருவிப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு விருப்பமான வழி என்று ஒன்று இருக்கிறது. அந்த வழியில் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத்தான் போதிய சான்று கிடைக்கவில்லை. எனவே மௌனத்துக்கான காரணத்தைப் பிள்ளையின் மூளையில் தேடுவதை விட்டு, அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தேடுவோம்.

செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த, ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்தில் அந்த இடம் பெரும்பாலும் வீட்டின் முன்கூடம்தான். மைக்கைத் திறந்தால் காற்றாடி இரைச்சலும் தம்பியின் அழுகையும் பாடத்தோடு சேர்ந்து போகும். 2020-இல் மலேசியக் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தச் சாதனமும் இல்லை. இருந்தவர்களிலும் கைப்பேசிக்காரர்களே அதிகம். போதாததற்கு, விடையை யோசிக்க நேரமும் இல்லை. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரே விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். மூன்று விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நேரடி வகுப்பிலேயே நிலைமை இது. அலைவரிசை திக்கும் திரையில் அந்த ஒரு விநாடியும் மிஞ்சாது.

வெள்ளமோ புகைமூட்டமோ பள்ளியை மூடும்போதெல்லாம் இல்லிருப்புக் கற்றல் திரும்பி வருகிறது. ஆகவே இதைப் பள்ளிகள் இப்போதே வழக்கமாக்க வேண்டும்: கலந்துரையாடலுக்கான கேள்வி முந்தைய நாள் மாலையே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகட்டும், விடையை வகுப்பிலேயே சொன்னாலும், எழுதி அனுப்பினாலும், குரல் பதிவாகத் தந்தாலும் ஒரே மதிப்பு. எழுத விட்டால் பேச்சு மழுங்கும் என்பார்கள். கேட்டல், பேச்சு இரண்டும் தமிழ்ப் பாடத்திட்டத்தில் இருப்பவை, ஆகவே கவலை நியாயமே. ஆனால் எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டச் சொன்னால் பேச்சு தானாக வரும். திடீரென்று பெயர் சொல்லி அழைத்தால் வருவது திணறல். ஒருவன் விடையைப் பத்துப் பேர் நகலெடுப்பார்கள் என்ற ஐயமும் உண்மைதான். விடைகளை ஆசிரியருக்குத் தனியாக அனுப்பச் சொன்னால் அது பெருமளவு குறையும். வேலைப்பளுதான் கனமான மறுப்பு. முப்பது பேரின் ஒரு நிமிடப் பதிவுகளைக் கேட்கவே அரை மணி நேரம் ஆகும். நாளுக்கு ஆறு பேர் என்று முறைவைத்துக் கேட்கலாம். அந்த நேரத்துக்கு ஈடாக, ஆசிரியர் நிரப்பும் படிவங்களில் ஒன்றிரண்டை அமைச்சு குறைக்கட்டும்.