தறியைக் காட்டுங்கள்!

திண்டுக்கல்லிலிருந்து மதுரைச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் சின்னாளப்பட்டி வரும். அந்த ஊருக்குப் போகிறவர்கள் சேலை இல்லாமல் திரும்புவதென்பது, பழனிக்குப் போகிறவர்கள் பஞ்சாமிருதம் இல்லாமல் திரும்புவதைப் போன்றது. சென்ற மாதம் நாம் அப்படித்தான் திரும்பினோம். கையில் சேலை இல்லை. அதற்குப் பதிலாக ஒரு விவாதம் தலையில் ஏறிக்கொண்டது. அதை நேயர்களிடம் இறக்கி வைப்பதே இந்த வாரத்து வேலை.

அவ்வூரில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. அவர் மூலமாக ஒரு நெசவாளரிடம் கைத்தறிச் சேலை ஒன்றுக்குச் சொல்லி, முன்பணமும் கொடுத்திருந்தோம். ஆடியில் வரவேண்டிய சேலை புரட்டாசியிலும் வந்தபாடில்லை. நேரில் போய் நின்றால் காரியம் நடக்கும் என்ற பழைய நம்பிக்கையுடன் புறப்பட்டோம். நண்பர் வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

நண்பருக்கு ஒரு பெண், ஒரு பிள்ளை. பெண் மூத்தவள், சென்னையில் கம்ப்யூட்டர் உத்தியோகம். பையன் கல்லூரியில் படிக்கிறான். மூன்று வருஷங்களுக்கு முன் அவன், தீபாவளிக்குப் பாட்டி கொடுத்த பணத்தையும் தன் சேமிப்பையும் சேர்த்து 2,000 ரூபாயை வெளிநாட்டில் யாரோ சில இளைஞர்களுக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுத் தயாரிக்கிறார்களாம். பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு வருஷத்தில் அனுப்பிவைப்பதாக வாக்காம். மூன்று வருஷம் ஆயிற்று, விளையாட்டு வரவில்லை. அவர்களிடமிருந்து கடைசியாகக் கடிதம் வந்தே எட்டு மாதமாயிற்று.

"பணத்தை வாங்கி ஏப்பம் விட்டுவிட்டார்கள், அக்கா! ஒரு வரி எழுதக்கூடவா நேரமில்லை?" என்றான் பையன்.

"எழுதிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் வேலையை யார் செய்வது, தம்பி? மூன்று நாலு பேர் சேர்ந்து செய்கிற காரியம். ஓரிடத்தில் ஒன்றை மாற்றினால் ஒன்பது இடத்தில் உடையும். அவசரப்படுத்தினால் குப்பைதான் கிடைக்கும்" என்றாள் அக்கா.

பையன் அந்த இளைஞர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தான். அதை நமக்கும் படித்துக் காட்டினான். அதிலிருந்த வார்த்தைகளை இங்கே அச்சிடுவதற்கில்லை.

*

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதல்ல. முதலாளி ஒருவரிடம் கைகட்டி நிற்காமல், ஆயிரம் பேரிடம் சிறு சிறு தொகையாக வாங்கி ஒரு காரியத்தை முடிப்பதும் புதிதல்ல. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார் உ. வே. சாமிநாதையர். அச்சுச் செலவுக்குக் கையில் பணமில்லை. புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் துணிந்து இறங்கினார். புத்தகம் வெளியானது 1887-ல். அதே கும்பகோணத்தில் ம. வீ. இராமாநுஜாசாரியார் மகாபாரதம் முழுவதையும் தமிழ் வசனத்தில் வெளியிடத் தொடங்கி, கடனிலும் கவலையிலும் உழன்று, சுமார் இருபத்தைந்து வருஷப் பாடுபட்டு 1932-ல் முடித்தார். இவர்களை அவசரப்படுத்தாத புண்ணியவான்களுக்குத் தமிழுலகம் கடமைப்பட்டிருக்கிறது.

இப்போது அந்தக் கையொப்பத்தை இன்டர்நெட் மூலமாக உலகெங்கும் வாங்குகிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த கிக்ஸ்டார்ட்டர் என்ற ஸ்தாபனம் இதற்குப் பெயர் போனது. தாங்கள் கடை வைத்து நடத்தவில்லை என்று அந்த ஸ்தாபனத்தாரே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். காரியம் முடியாமல் போனால், பணம் வாங்கியவர் அதை எப்படிச் செலவழித்தார் என்று கொடுத்தவர்களுக்கு விளக்க வேண்டும். மீதியிருந்தால் திருப்பித் தர வேண்டும். இது அவர்களுடைய விதி. பென்ஸில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஈத்தன் மாலிக் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். தொழில்நுட்பம், வடிவமைப்பு ஆகிய துறைகளில் நூற்றுக்கு 75-க்கு மேற்பட்ட முயற்சிகள் சொன்ன தேதிக்குப் பிந்தியே முடிந்தன என்று கண்டார். எல்லாத் துறைகளையும் சேர்த்து 2015-ல் அவர் வெளியிட்ட இன்னொரு கணக்கின்படி, அடியோடு கைவிட்டவை நூற்றுக்கு 9 தான். ஆகவே தாமதம் என்பது மோசடி அல்ல. பெரும்பாலும் அது ஆரம்பத்தில் போட்ட தப்புக் கணக்கு.

*

இந்தப் புள்ளிவிவரத்தைச் சொன்னதும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெயிட் நகரத்துச் சமாசாரம் ஒன்றை எடுத்துவிட்டாள். அங்கே 'டீம் செர்ரி' என்று ஒரு சிறு கூட்டத்தார். 2014-ல் 2,158 பேரிடம் 57,000 ஆஸ்திரேலிய டாலர் சேர்த்து 'ஹாலோ நைட்' என்ற விளையாட்டைச் செய்து 2017-ல் வெளியிட்டார்கள். இன்னொரு பாத்திரத்தையும் பிறகு சேர்த்துத் தருவதாக அப்போதே ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்கு வளர்ந்து தனி விளையாட்டாகவே ஆகி, 'சில்க்ஸாங்' என்று பெயர் பெற்று, 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 'பட்டுப் பாட்டு' என்று பொருள்; சின்னாளப்பட்டிக்காரர்கள் பெருமைப்படலாம். அதன் பிறகு பல வருஷ காலம் அவர்கள் பெரும்பாலும் மௌனம். ரசிகர் ஒருவர், "இன்றும் செய்தி இல்லை" என்று அறிவிப்பதற்காகவே தினம் ஒரு படம் எடுத்துப் போட்டுவந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! விளையாட்டு 2025 செப்டம்பர் 4-ம் தேதி வந்தது. வாங்க வந்த கூட்டத்தில் விற்பனைத் தளங்களே ஸ்தம்பித்துப் போயின.

"பார்த்தாயா? பேசாமல் இருந்தார்கள், காரியத்தைச் சாதித்தார்கள்" என்றாள் அக்கா.

பையன் லேசுப்பட்டவனா? "பேசிக்கொண்டேயிருந்து சாதிக்காதவர்களும் உண்டே!" என்று 'ஸ்டார் சிட்டிஸன்' கதையை எடுத்தான். ஆகாய யாத்திரையைப் பற்றிய அந்த விளையாட்டுக்கு 2012-ல் பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். 2014 நவம்பரில் தருவதாகச் சொன்னார்கள். 2022-ல், சேர்ந்த தொகை 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. செய்திக்குக் குறைவே இல்லை. வாராவாரம் அறிக்கைகள், படங்கள், பேச்சுக்கள். விளையாடிப் பார்க்கச் சில பகுதிகளும் உண்டு. ஆனால் 2025 முடியும் வரையிலும் முழு விளையாட்டு வெளியாகவில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு சந்தேகம் உதித்தது. தம்பி கடிதம் வரவில்லை என்று வருந்துகிறான். ஆனால் அவன் காட்டிய உதாரணத்தில் கடிதம் மூட்டை மூட்டையாக வருகிறது. அக்கா பொறுமை வேண்டும் என்கிறாள். ஆனால் பொறுத்தவர்களுக்கெல்லாம் பட்டுப் பாட்டுக் கிடைத்துவிடுவதில்லை. அப்படியானால் பணம் கொடுத்தவன் எதைத்தான் கேட்பது? சீக்கிரத்தையா, செய்தியையா, பொறுமையாகச் சும்மா இருக்கும் உரிமையையா?

*

இந்தச் சமயத்தில் நம்முடைய நெசவாளர் வந்து சேர்ந்தார். நாம் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஒளிந்துகொள்ளாமல் தாமே வந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

"ஐயா, சேலை இன்னும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நடை பார்த்துவிடுங்கள்" என்றார்.

போனோம். பையனும் கூடவே வந்தான். திண்ணையைத் தாண்டியதும் குழித்தறி. அதில் பாதி நெய்த சேலை ஒன்று ஜம்மென்று இருந்தது. அரக்கு நிறம். நாம் சொல்லியிருந்ததோ மயில் கழுத்து நிறம்!

"இது உங்களுடையது இல்லை, ஐயா. கலியாணச் சேலைக்கு ஒருவர் அவசரமாக வந்து நின்றார். முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். அந்தப் பாவை ஏற்றிவிட்டேன். இது இறங்காமல் உங்கள் பாவு ஏறாது. செய்தது தப்புத்தான். உங்கள் நூல் சாயம் போட்டு வந்துவிட்டது, இதோ பாருங்கள். ஐப்பசிக் கடைசிக்குள் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பிவிடுகிறேன்" என்றார்.

நமக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். நம் சேலைக்கு முன்னால் இன்னொருவர் சேலையா என்று சுருக்கென்றிருந்தது. ஆனால் வெளியே வந்து பத்தடி நடப்பதற்குள் ஒரு விஷயம் புலப்பட்டது. நாலு மாதமாக நம் மனத்திலிருந்த குடைச்சல் போய்விட்டது. சேலை கிடைக்கவில்லை, நல்ல சமாசாரமும் கிடைக்கவில்லை, கெட்ட சமாசாரந்தான் கிடைத்தது. இருந்தாலும் தறியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டோம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

நெசவுத் தெருவில் ஒரு சௌகரியம் உண்டு. காலையில் பாவு தெருவிலேயே நீட்டப்படுகிறது. தறிச் சத்தம் வாசல் வரையில் கேட்கிறது. பணம் கொடுத்தவர் போகிற போக்கில் எட்டிப் பார்த்துவிடலாம். விளையாட்டுச் செய்கிறவர்களின் தறியோ கண்ணுக்குத் தெரியாதது. கடல் தாண்டி, யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்க வழியில்லாதபோது, ஜன்னலைத் திறந்து வைக்கும் கடமை உள்ளே இருப்பவருடையது.

இதைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 'டபிள் ஃபைன்' என்ற கம்பெனியார் 2012-ல் ஒரு விளையாட்டுக்காக 4 லட்சம் டாலர் கேட்டார்கள். 87,000-க்கு மேற்பட்டவர்கள் 33 லட்சம் டாலர் கொடுத்தார்கள். பணம் பெருகியது போலவே திட்டமும் பெருகியது. 2013-ல், இந்தப் பணம் போதாது, விளையாட்டை இரண்டாகப் பிரித்து முதற்பாதியை விற்றுத்தான் மறுபாதியை முடிக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். வேலை நடப்பதை ஆரம்பத்திலிருந்தே படமெடுத்துப் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டியும் வந்தார்கள். ஏச்சு விழாமல் இல்லை. ஆனால் 2014 ஜனவரியில் முதற்பாதியும் 2015 ஏப்ரலில் மறுபாதியும் வந்தன. 'ப்ரோக்கன் ஏஜ்' என்பது அதன் பெயர்.

சின்னாளப்பட்டியை ஒட்டினாற்போல் இருக்கிறது, டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் ஆரம்பித்த காந்திகிராமம். எந்த மகானுடைய பெயரை அது தாங்கியிருக்கிறதோ, அவர் 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை ஆரம்பித்த நாளிலேயே காலணாவுக்கும் கணக்கு வைத்தவர். கணக்கு இல்லாத இடத்தில் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது என்பது அவருடைய அனுபவம். பொதுஜனங்களின் பணம் தேசத் தொண்டுக்கு வந்தாலும் சரி, விளையாட்டுக்கு வந்தாலும் சரி, தர்மம் ஒன்றேதான்.

கொடுத்தவர்களுக்கும் ஒரு தர்மம் உண்டு. ஒருவரைத் திட்டித் திட்டி எழுதினால் அவர் தறியைக் காட்ட மாட்டார். கதவைத் தாழிட்டுக் கொள்வார். அரைகுறை வேலையைக் காட்டினால் பரிகாசம் செய்வார்கள், தேதி சொன்னால் அதையே கழுத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டால், நல்லவர்களும் ஊமையாகிவிடுவார்கள்.

நம்பிக்கை கெட்டால் நஷ்டம் இந்த இரண்டு பேரோடு நிற்பதில்லை. புனே நகரத்தில் 'நாடிங் ஹெட்ஸ்' என்ற சிறு குழுவினர், நமது புராணங்களைத் தழுவி, தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண்ணின் கதையை 'ராஜி' என்ற விளையாட்டாகச் செய்ய முற்பட்டார்கள். 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் கையேந்தினார்கள். குறித்த தொகை சேரவில்லை. குழுவின் ஸ்தாபகர்களில் ஒருவர் தம் வீட்டை விற்று வேலையைத் தொடர்ந்தார். அது 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. அன்று பணம் சேராததற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு முன்பணம் கொடுக்கும் மனம் நாட்டில் குறையுமானால், அடுத்த ராஜிக்கு விற்க வீடு இல்லாதவர் என்ன செய்வார்?

*

திரும்பி வந்ததும் பையன் தன் கடிதத்தை எடுத்துக் கிழித்தான். வேறொன்று எழுதினான். "எப்போது முடியும் என்று கேட்கவில்லை. இதுவரை என்ன முடிந்தது, என்ன பாக்கி, பணம் எவ்வளவு மிச்சம் என்று மட்டும் சொல்லுங்கள். வேறு வேலை குறுக்கிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள்" என்று நாலே வரி. அக்கா அதில் இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்தாள்.

இதை எழுதும் வரையில் அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நம்முடைய சேலையும் வரவில்லை. ஆனால் அது ஏன் வரவில்லை என்பது நமக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது.