பூசைக்கு முன் ஒரு மாத்திரை



நம் பங்கில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் உண்டு. மழையாயினும் பனியாயினும் விடியற்காலைப் பூசையைத் தவறவிடாதவர். சென்ற தவக்காலத்தில் ஒருநாள், ஆலய வாயிற்படியிலேயே சாய்ந்துவிட்டார். இரத்த அழுத்தம் மிகுந்து, இடக்கையும் இடக்காலும் இழுத்துக்கொண்டன. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளோ வீட்டில் அட்டை அட்டையாகக் கிடந்தன.

மருத்துவமனையில் காரணம் கேட்டோம். “பூசைக்கு முன்னாடி வாயில தண்ணிகூடப் படக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளத்தாங்க சாமி. பூசை முடிஞ்சு வீட்டுக்குப் போனா வேலையில மறந்துபோயிருதுங்க” என்றார்.

அவர் தாய் சொன்னது அந்நாளில் சரியே. நள்ளிரவு முதல் நீரும் அருந்தாமல் நன்மை வாங்கிய காலம் அது. ஆனால் 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் நீர் அருந்துவது நற்கருணை நோன்பை முறிக்காது என அறிவித்தார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் அந்நோன்பை ஒரு மணி நேரமாகச் சுருக்கினார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் பிரிவு, அந்த ஒரு மணி நேரத்திலும் நீருக்கும் மருந்துக்கும் தடையில்லை என்கிறது. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்நேரத்தில் சிறிது உணவே உட்கொண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளுள் சிலவற்றை உணவோடுதான் உட்கொள்ளவேண்டும் ஆதலால், இச்சலுகை அவர்களுக்குச் சிறியதன்று. ஒருசந்திக் கட்டளையும் 59 வயது நிறைந்தோரைக் கட்டாது. நோயாளிகளையோ எவ்வயதிலும் கட்டாது.

இவற்றையெல்லாம் குருமடத்திலே கற்ற நாம், பிரசங்க மேடையில் ஒருமுறையேனும் எடுத்துரைத்தோமில்லை. முதல் வெள்ளிதோறும் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்றும், “மருந்து உட்கொள்கிறீர்களா?” என்று வினவினோமில்லை. அக்குறை நம்முடையதே.

எனினும் அம்மூதாட்டியின் வீட்டில் மகனும் மருமகளும் இருந்தனர். மாதந்தோறும் மாத்திரை வாங்கிக் கொடுத்தனர். அட்டை குறைகிறதா என்று பார்த்தாரில்லை. மருந்தை நோயாளியின் கையில் சேர்த்ததும் கடமை தீர்ந்தது என்றே நம்மவர் பலரும் எண்ணுகின்றனர்.

சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் இங்கு நினைவுகூரத்தக்கது. ஓராண்டு காலம் நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மறுபகுதியினருக்கு அவர்தம் எளிய வீடுகளிலும் ஒரே மருந்துகள் அளிக்கப்பட்டன. வீட்டிலிருந்தோருக்கு நல்ல உணவில்லை, ஓய்வில்லை, இடவசதியுமில்லை. ஆயினும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறக்குறைய இணையாகவே அவர்களும் குணமடைந்தனர் என 1959-இல் வெளியான முடிவு உலகிற்கு அறிவித்தது. ஆனால் அந்நிலையத்தார் மருந்தைக் கொடுத்துவிட்டு வாளா இருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே சென்றதா என்றும் கண்டறிந்தனர்.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக, இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. வாசலிலிருந்து வாய்க்குச் சேர்ப்பது வீட்டாரின் பொறுப்பு.

அதில் இடர்கள் பல. பள்ளிபாளையத்தில் இரவெல்லாம் விசைத்தறி ஓட்டிவிட்டுப் பகலில் உறங்குபவருக்குக் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்ற சீட்டு எவ்வாறு பொருந்தும்? அவர் தம் வேலை நேரத்தை மருத்துவரிடம் சொல்லிக் கேட்கவேண்டும். நாமக்கல்லிலிருந்து வடநாட்டிற்கு லாரி ஓட்டிச் செல்பவரின் பையில், திரும்பி வரும் நாள்வரைக்குமான மாத்திரையை மனைவி எண்ணி வைக்கவேண்டும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று நிறுத்துவோரே மிகப் பலர். இரத்த அழுத்தம் வலிக்காத நோய். நன்றாயிருப்பது மாத்திரையால்தான் என்பதைப் பொறுமையாகச் சொல்லவேண்டும். மாத்திரை மயக்கமோ வயிற்றெரிச்சலோ தந்தால் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறவேண்டும். ஒருவேளை மறந்துபோனால், மறுவேளை சேர்த்து இரண்டாக விழுங்குவதும் ஆகாது.

இன்னொன்று. மறந்தவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துகொண்டால் மறுநாள் முதல் பொய் சொல்வார். அட்டையைப் பிரித்து மாத்திரையை எறிந்தவரையும் நாம் அறிவோம்.

அம்மூதாட்டி இப்போது கைத்தடியூன்றிப் பூசைக்கு வருகிறார். ஆலயத்தில் முதல் மணி ஒலித்ததும், பீடச் சிறுவனான அவருடைய பேரன் மாத்திரையும் ஒரு தம்ளர் நீருமாக அவர் முன் வந்து நிற்கிறான். வாங்கி விழுங்கிவிடுகிறாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், “சாமி நெசமாத்தான் சொன்னாரா?” என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறாராம்.