குயவர் எழுதியது விளங்குகிறது, ஆய்வகம் எழுதியது?

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உழைக்கும் தமிழனுக்கு விலாவின் ஒரு பக்கத்தில் எரிச்சலெடுத்துக் கொத்துக் கொத்தாய்க் கொப்புளம் கிளம்பினால், அவன் வாயில் வரும் பெயர் அக்கி. பாட்டி சொன்ன பெயர். (அஃது அக்கினியின் திரிபு என்று மார்தட்டும் வடமொழியார் ஒருபுறம் இருக்கட்டும்.) அவன் முதலில் நாடுவது குயவரை. அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின்மேல் அரிமா உருவை வரைவார். அதற்கு 'அக்கி எழுதுதல்' என்று பெயர்.

காவி நச்சுயிரியைக் கொல்லாது. தமிழ்ப்பற்றின் பெயரால் கொல்லும் என்பவன் தமிழனுக்குப் பகைவன். சிறு அகவையிற் கண்ட சின்னம்மையின் நச்சுயிரி நரம்பின் வேரில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, உடல் தளர்ந்த காலத்து விழித்தெழுவதே இந்நோய். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்திற்குள் அசைக்குளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால் விரைந்து தணியும். கண்ணருகே வந்ததற்குக் காலந்தாழ்த்தினால் பார்வையே போகலாம். முதியோர்க்குப் புண் ஆறிய பின்னும் திங்கட்கணக்கில் நரம்புவலி நின்று வாட்டும். அந்த மூன்று நாளைக் காவி தின்றுவிடுகிறது.

ஆயினும் அவன் குயவரிடம் ஏன் போகிறான்? குயவர் அவனிடம் தமிழிற் பேசுகிறார்.

ஆய்வகம் பேசுகிறதா? பெரும்பாலும் மருத்துவர் கண்ணாற் கண்டே இதனை அறிவர். ஐயம் எழுந்தால் புதுக்கொப்புளத்தைத் திறந்து, அதன் அடிப்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்து ஆய்வகத்திற்கு விடுப்பர். பழைய முறைப்படி சாயமேற்றி நுண்ணோக்கியிற் பார்த்தால் பல கரு கொண்ட பெரிய கண்ணறைகள் தெரியும். ஆனால் எந்த நச்சுயிரி என்று அம்முறை பிரித்துச் சொல்லாது. பி.சி.ஆர். ஆய்வே நச்சுயிரியின் மரபுக்கூற்றைப் பெருக்கிப் பார்த்து, சின்னம்மையினமா, உதட்டிலும் பிறப்புறுப்பிலும் புண் செய்யும் மற்றையினமா என்று வேறுபடுத்தும். இத்துணை நுட்பமாய்ப் பிரித்தறிந்த முடிவைத் தருவது எம்மொழியில்? ஆங்கிலத்தில்! 'எர்ப்பிசு சோசுடர்' என்று அச்சிட்ட தாளைச் சரக்கேற்றும் தொழிலாளி தெருவில் அரைகுறை படித்தவனிடம் நீட்டுகிறான். அவன் முதற்சொல்லை மட்டும் படித்துவிட்டு, 'இது தகாத உறவால் வருவது' என்கிறான். ஆய்வகம் அரும்பாடுபட்டுப் பிரித்ததை ஆங்கிலத் தாள் ஒரு நொடியில் ஒன்றாக்கிவிட்டது. குற்றமற்றவன் மனைவி முன் தலைகுனிகிறான்.

'சோசுடர்' என்பது கிரேக்கத்தில் அரைக்கச்சை. 'கச்சையக்கி' என்று எழுதினால் நோய் அறியப்படாமல் போகுமா? மருத்துவத்தைத் தமிழிற் சொல்ல இயலாதென்போர் ஈழத்து மானிப்பாயை நோக்குக. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். அயலானுக்கு இயன்றது, 1956-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டில் இன்றும் இயலாதாம்!

ஆய்வுத் தாளின் அடியில் மூன்று தொடர் போதும்: 'கொப்புளத்தில் சின்னம்மை நச்சுயிரி உள்ளது. இஃது உடலுறவால் வந்ததன்று. இன்றே மருத்துவரைக் காண்க.' இதை அச்சிட எத்துணை மை செலவாகும்?