கணக்கும் கடவுள் சித்தமும்

கொள்ளை நோயில் நாலு பேர் செத்தால், "எல்லாம் அவன் சித்தம்" என்று சொல்லி விடுவது மக்களுக்கு வெகு சுலபமான காரியமாய் இருந்து வருகின்றது. இப்படிச் சொல்லுகின்றவர்களில் எவராவது, செத்தவர் யார், பிழைத்தவர் யார், அவர் குடித்த தண்ணீர் எது, இவர் குடித்த தண்ணீர் எது என்று எழுதி வைத்து, இனம் இனமாய்ப் பிரித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம்.

இந்தப் புத்தி நம் நாட்டாருக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. 1853-ல் பிரிட்டனைக் காலரா மிரட்டிய போது, எடின்பரோ நகரத்துப் பாதிரிகள், தேசமே உபவாசமிருந்து பிரார்த்திக்க ஒரு நாள் குறிக்கப்படுமா என்று சர்க்காரைக் கேட்டார்கள். உள்நாட்டு மந்திரி பாமர்ஸ்டன் பிரபுவோ, முதலில் ஏழைகள் வாழும் வீதிகளைச் சுத்தம் செய்யுங்கள், அது செய்யாமல் உபவாசமும் பிரார்த்தனையும் பலிக்காது என்ற கருத்தில் பதில் அனுப்பி விட்டார்.

நிற்க, கெட்டது காற்றா, தண்ணீரா? இதைத் தீர்த்து வைத்தது வேதமுமல்ல, பைபிளுமல்ல, சாவுக் கணக்கேயாகும்.

1849-ல் லண்டனில் சுமார் 14,000 பேர் காலராவுக்கு இரையானார்கள். பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசிலிருந்த வில்லியம் ஃபார் என்பவர், ஜனங்கள் குடியிருந்த இடத்தின் உயரப்படி அந்தச் சாவுகளைப் பிரித்தார். ஆற்று மட்டத்துக்கு மேல் 20 அடிக்குள் வசித்தவர்களில் 10,000 பேருக்கு 102 சாவு. 20 முதல் 40 அடி வரை 65. 40 முதல் 60 அடி வரை 34. ஆகவே பள்ளத்துக் கெட்ட காற்றே காரணமென்று அவர் உறுதி கொண்டார். கணக்கில் பிசகில்லை, பிரித்த தலைப்புதான் காரணத்தைக் காட்டவில்லை.

ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் 1854-ல் வேறு தலைப்புப் போட்டார். தென் லண்டனில் ஒரே வீதியில் இரண்டு கம்பெனிகளின் தண்ணீர்க் குழாய்கள் ஓடின. காற்றும் ஒன்றே, மேடு பள்ளமும் ஒன்றே. ஏழையும் பணக்காரனும் இரண்டிலும் இருந்தார்கள். சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி நகரத்துச் சாக்கடை கலந்த ஆற்று நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனியோ 1852 முதல் ஆற்றின் மேல்பக்கம் போய்ச் சுத்தமான நீரை எடுத்தது. ஸ்நோ செத்தவர்களின் வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்தது யார் என்று வீடு வீடாய் விசாரித்தார். ஏழு வாரத்தில் முதல் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. இரண்டாவதின் 26,107 வீடுகளில் 98 சாவு.

முதல் கம்பெனிக்கு வீடு அதிகம், ஆகவே சாவும் அதிகம் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அதற்காகவே அவர் 10,000 வீட்டுக்கு எத்தனை என்று வகுத்துக் காட்டினார். ஒன்றில் 315, மற்றொன்றில் 37! கடவுள் சித்தமென்றால், அந்தச் சித்தம் குழாயைப் பார்த்தா நடக்கும்?

இந்தப் பாடத்தை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். வேண்டுதல் செய்து பிழைத்தவர்கள் இத்தனை பேர் என்று ஒருவர் ஜாபிதா நீட்டினால், தோழர்களே, நாலு கட்டம் போடச் சொல்லுங்கள். வேண்டிப் பிழைத்தவர், வேண்டியும் செத்தவர், வேண்டாமல் பிழைத்தவர், வேண்டாமல் செத்தவர். கோயில் சுவரில் எழுதப்படுவது முதல் கட்டம் மாத்திரமே. மற்ற மூன்றையும் நிரப்பாமல் பலன் உண்டென்று சொல்லுவது ஒற்றைத் தட்டை வைத்துக் கொண்டு நிறுப்பதாகும்.

இந்தக் கேள்வியை நம்மிடமும் நாம் கேட்டுக் கொள்ள வேண்டும். ஃபார் மூட நம்பிக்கைக்காரரல்ல. முன்பே நம்பியிருந்ததற்கு இசைந்த தலைப்பில் பிரித்ததாலேயே ஏமாந்தார். ஆனால் 1866-ல் கிழக்கு லண்டனில் காலரா வந்த போது, அவரே கம்பெனிவாரியாகப் பிரித்துப் பார்த்து, தண்ணீரே காரணமென்று ஒப்புக் கொண்டார். கணக்கு மாறினால் கருத்தையும் மாற்றிக் கொள்ளுகின்ற அந்தக் குணத்தைத்தான் நாம் பகுத்தறிவு என்று சொல்லுகின்றோம்.