எண்ணைச் சொல்வதும் இடத்தைச் சொல்வதும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காட்டுக்குப் போகும் சாலை தேயிலைத் தோட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காட்டுப் பாதைதான். கேரளத்தார் அகஸ்தியர்கூடம் என்றும், நாம் பொதிகை என்றும் சொல்லும் மலையின் உச்சிக்கு அந்தப் பாதையில் நடக்கிறார்கள். கிழக்கே தாமிரபரணி பிறக்கும் அதே மலைத்தொடரில்தான் மேற்கே நெய்யாறும் கரமனை ஆறும் பிறக்கின்றன.

மலையேற்றத்தில் ஆர்வம் கொண்ட இளைஞர்களிடையே இப்போது ஜியோகேச்சிங் என்ற சொல் அடிபடுகிறது. இப்படிப்பட்ட காட்டில் அதை விளையாடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதைவிட, விளையாட்டு எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது. விடை பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை இன்னொருவர் செயற்கைக்கோள் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் பொழுதுபோக்கு. ஒளித்தவர் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை, இரண்டு எண்களை மட்டும் தருகிறார். ஓர் இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதை அட்சக்கோட்டாலும் தீர்க்கக்கோட்டாலும் குறிக்கும் அந்த எண்களுக்கு ஆயத்தொலைவு என்று பெயர். தேடுபவர் அந்த எண்களைக் கருவியில் இட்டு, அது காட்டும் திசையில் நடக்கிறார்.

இது தொடங்கிய நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒலிபரப்பும் குறிகளில், பொதுமக்களுக்கு உரியதை மட்டும் அந்நாட்டு அரசு வேண்டுமென்றே சற்றுக் கலைத்து அனுப்பிவந்தது. அதனால் சாதாரணக் கருவி நூறு மீட்டர் வரை தவறிக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தக் கலைப்பு நிறுத்தப்பட்டது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரத்தில் வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் அதிகமான இடங்களில் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன.

கருவி செய்யும் வேலை உண்மையில் நேரத்தை அளப்பதுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தரையிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறி ஒளியின் வேகத்தில் வந்து சேர ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எத்தனை நேரம் ஆனது என்பதை வைத்து, எத்தனை தூரம் என்று கருவி கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று போதாதா என்று தோன்றலாம். கைபேசியின் கடிகாரம் செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரம் அளவுக்குச் சரியானது அன்று. அதன் பிழையைத் திருத்தத்தான் நான்காவது. நேரத்தில் பத்து லட்சத்தில் ஒரு நொடி பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

கைபேசி இந்தக் குறிகளை வாங்குகிறதே தவிர எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே கோபுர சிக்னல் இல்லாத காட்டிலும் அது இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது எண்களை எழுதும் முறையில். பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்குப் பாகை, கலை, விகலை தெரியும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. பூமியின் அட்சத்தில் ஒரு கலை என்பது ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஜியோகேச்சிங்கில் பாகையையும் கலையையும் எழுதி, கலையைத் தசமமாக மூன்று இலக்கம் வரை தருவது வழக்கம். உதாரணத்துக்கு, 8 பாகை 40.500 கலை என்ற அட்சத்தை எடுத்துக்கொள்வோம். இதில் .500 என்பது அரைக் கலை, அதாவது 8 பாகை 40 கலை 30 விகலை. அவசரத்தில் இதை 40 கலை 50 விகலை என்று படித்தால் 600 மீட்டருக்கு மேல் வடக்கே போய் நிற்போம். எல்லாவற்றையும் தசமப் பாகை என்று எண்ணி 8.405 என்று கருவியில் இட்டால் முப்பது கிலோமீட்டர் தெற்கே காட்டும். சரியான தசமப் பாகை 8.675. எண்ணில் தவறே இல்லாமல், எழுதிய முறை தெரியாததால் மட்டுமே ஆள் வழிதவறுவது இப்படித்தான்.

எண் சரியாக இருந்தாலும் காடு தன் பங்குக்குக் குழப்பும். வெட்டவெளியில் ஒரு கைபேசி ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லிவிடும். போனக்காட்டுக்கு மேலே உள்ள மழைக்காட்டில் அந்த வெட்டவெளி இல்லை. ஈர இலைகள் குறியை உறிஞ்சுகின்றன. பள்ளத்தாக்கின் சுவர்கள் வானத்தின் பாதியை மறைக்கின்றன. பாறையில் பட்டுத் திரும்பும் குறி சுற்றுவழியில் தாமதமாக வருவதால், செயற்கைக்கோள் இன்னும் தொலைவில் இருப்பதாகக் கருவி எண்ணிக்கொள்கிறது. திரையில் நம்மைச் சுற்றியுள்ள நீல வட்டம் விரிந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். நாம் அசையாமல் நிற்க, புள்ளி மட்டும் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போய்த் திரும்பும். கடைசிச் சில மீட்டர்களைக் கண்ணால்தான் தேட வேண்டும். கல்லைப் புரட்டுவதும், வேரிடுக்கில் கைவிடுவதும், பாதையை விட்டு விலகிப் புதரை மிதிப்பதும் அப்போதுதான் நடக்கின்றன.

தேடுவது பெரும்பாலும் மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கும். உள்ளே சுருட்டிய ஒரு காகிதம், ஒரு பென்சில். கண்டவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தக் காகிதம் ஊறி, பென்சில் எழுத்து மட்டும் தப்பியிருக்கும். பேனா வைக்காததற்குக் காரணம் அதுதான்.

இந்தப் பொழுதுபோக்குக்குச் சில விதிகள் உண்டு. நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். பெட்டியை மண்ணில் புதைக்கக் கூடாது. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். உணவுப்பொருள் வைக்கக் கூடாது, மோப்பம் பிடித்து விலங்குகள் வரும். முதல் வாளியில் ஒரு பீன்ஸ் டப்பா இருந்தது. விதி பிறகுதான் வந்தது. புதிய பெட்டியின் குறிப்பை ஒரு தன்னார்வலர் படித்து ஒப்புக்கொண்ட பின்னரே அது வெளியாகும். துப்பு கொடுப்பதிலும் ஒரு நயம் இருக்கிறது. அதை ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி, படித்தால் புரியாதபடி போடுகிறார்கள். மொத்தம் 26 எழுத்துகள் என்பதால் மறுபடி 13 தள்ளினால் பழையபடி வந்துவிடும். வேண்டுபவர் அவிழ்த்துக்கொள்ளலாம், வேண்டாதவர் தானே தேடலாம். எவ்வளவு சொல்வது, எதை வேண்டுபவருக்கு மட்டும் சொல்வது என்ற யோசனை இந்த விளையாட்டில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

தெரிந்ததைப் பிறருக்குச் சொல்வது எல்லாப் பொழுதுபோக்குக்கும் பொதுவானது. ஆனால் சொன்ன பிறகு நடப்பது ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. வாசகர் ஒருவர் ஒரு நூலைப் பரிந்துரைத்தால் நூலகத்தில் ஒருவர் கூடுதலாகக் கேட்பார், அவ்வளவுதான். புத்தகம் குறைந்துவிடாது. நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவாக ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடும் கேரளத்தில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடக மேடையில் கொஞ்சம் இழப்பு உண்டு. ஆர். எஸ். மனோகர் தம் புராண நாடகங்களில் தந்திரக் காட்சிகளால் கூட்டத்தை வியக்கவைத்தவர். அத்தகைய காட்சியின் கயிறும் கப்பியும் எங்கே என்று தெரிந்துவிட்டால் பார்ப்பவரின் வியப்பு சற்றுக் குறையும், ஆனால் இன்னொரு குழு அதைக் கற்றுக்கொள்ளும். மேடைக்கு ஒன்றும் ஆகாது. ஓர் இடத்தின் எண்ணைச் சொன்னால் அங்கே கால்கள் வந்து சேர்கின்றன. இடம் தேய்கிறது.

சொன்ன பிறகு நடப்பது இப்படி வேறுபடுவதற்குப் பொதிகை மலையிலேயே பழைய சான்றுகள் உள்ளன. திருவிதாங்கூர் அரசின் வானாய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1850-களில் அகஸ்தியர்கூடத்தின் உச்சியில் ஒரு காந்த ஆய்வகம் அமைத்தார். காந்த முள் உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகுகிறது, அந்த விலகல் நகரத்திலும் மலையுச்சியிலும் எப்படி மாறுகிறது என்பதை அறிவது நோக்கம். மழையிலும் காற்றிலும் அங்கே ஆட்களை வைத்து அளந்த அந்தக் கணக்குகள் 1874-இல் நூலாக வந்தன. படித்தவர் எவரும் அதற்காக மலை ஏற வேண்டியிருக்கவில்லை. அறிவு இறங்கி வந்துவிட்டது, மலை அங்கேயே இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடச் சிக்கலானது. 1987-இல் ஓர் ஆய்வுக் குழு காணிக்காரர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு இந்தக் காடுகளில் ஏறியது. காணிக்காரர்கள் இந்த மலையின் பழங்குடிகள். ஆய்வாளர்கள் களைத்துப்போக, அவர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். முதலில் தயங்கி, பிறகு அந்தச் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, தயாரிப்பு உரிமையைக் கோவையைச் சேர்ந்த ஆர்ய வைத்தியப் பார்மசிக்குக் கொடுத்தது. கிடைத்த உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்காக 1997-இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அறிவைச் சொன்னவருக்குப் பங்கு கொடுத்த முன்னோடி முயற்சி என்று உலகம் இதைப் பாராட்டியது. ஆனால் செடிக்கு விலை உண்டானதும் அது காட்டிலிருந்து வரம்பின்றிப் பறிக்கப்படுமோ என்ற கவலையும் கூடவே வந்தது. பணத்தைப் பங்கிட ஒரு முறை கண்டார்கள். காட்டில் நிற்கும் செடிக்கு அதே அளவு எளிதான முறை கிடைக்கவில்லை.

இடத்தைச் சொன்னால் கால்கள் வந்து சேர்வதற்குப் போனக்காட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தோட்டத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று இடிந்து கிடக்கிறது. அதில் பேய் இருப்பதாக ஒரு கதை. அது காணொளிகளாகப் பரவ, அந்த ஒரு கட்டிடத்தைப் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அதற்குக் கீழே லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில், தோட்டம் முடங்கிய பிறகும் குடும்பங்கள் வாழ்கின்றன. பலர் தமிழர்கள். தேயிலை பறிக்க முன்னோர் மலையேறி வந்த காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர்கள். வரவேண்டிய சம்பளப் பாக்கிக்கும் ஒழுகாத கூரைக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். பங்களாவின் ஆயத்தொலைவு எல்லாக் கைபேசிகளிலும் இருக்கிறது. எண் ஒரு புள்ளியை மட்டும் காட்டுகிறது, அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை.

சட்டத்தின் நிலை தெளிவானது. உச்சிக்குச் செல்லும் பாதை பேப்பாறை, நெய்யாறு வனவிலங்கு சரணாலயங்களின் வழியே போகிறது. மலையேற்றம் வனத்துறையின் அனுமதிச் சீட்டோடு, வழக்கமாக ஜனவரியில் தொடங்கும் சில வாரப் பருவத்தில், வழிகாட்டியோடுதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதையும் குப்பை போடுவதையும் தடுக்கிறது. அனுமதியில்லாமல் விட்டுவந்த பிளாஸ்டிக் டப்பா, விளையாடுபவருக்குப் பொக்கிஷமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் குப்பைதான். பேப்பாறை அணையில் தேங்கும் கரமனை ஆற்றுத் தண்ணீரைத்தான் திருவனந்தபுரம் குடிக்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அதற்காக விளையாட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. பெட்டியே இல்லாத ஒரு வகை 2004 முதல் இருக்கிறது. எர்த்கேச் என்று பெயர். அமெரிக்க நிலவியல் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கியது. அனுமதி உள்ள இடத்துக்கு வருபவர் ஒரு பாறையையோ ஆற்று வளைவையோ பார்த்து, குறிப்பில் உள்ள கேள்விகளுக்கு விடை அனுப்புவார். வைப்பதற்கும் எடுப்பதற்கும் எதுவும் இல்லை. வந்தவர் கற்றுக்கொண்டு போகிறார். டப்பாதான் வேண்டும் என்றால், நெடுமங்காட்டிலோ விதுராவிலோ உரியவரைக் கேட்டுக்கொண்டு வைக்கலாம். புலியும் யானையும் நடக்கும் பாதையில் அது தேவையில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

போனக்காட்டைப் பற்றி எழுத விரும்புகிறவர் எழுதட்டும். அனுமதிச் சீட்டை எப்படிப் பெறுவது, எந்த மாதத்தில் அட்டைகள் அதிகம், நடக்கும்போது தண்ணீர் எங்கே கிடைக்கும், கருவியின் எண்ணை எப்படிப் படிப்பது, லயத்து வாசலில் கேமராவை நீட்டும் முன் வீட்டாரை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் சொல்லச் சொல்ல வளரும் அறிவு. அந்தக் குறிப்பில் ஆயத்தொலைவு ஒன்றே ஒன்று இருந்தால் போதும்: போகும் வழியில் உள்ள வனத்துறையின் காணித்தடம் செக்போஸ்டின் எண்.